பரபக்க மறுப்பும் பரநிந்தையும்

திருச்சிற்றம்பலம்

நூலாராய்ச்சியிற் புகுந்தோர் இருவர் தம்முள் மாறுபட்டுழி நிகழும் சொற்போரினைத் தருக்க நூலார் வாதம், செற்பம், விதண்டை என மூவகைப்படுத்து ஓதுவர். உண்மை உணர்தலொன்றே பயனாகக் கொண்டு, தம் கூற்றுத் தோற்பினும் உண்மை வென்றதென உவக்கும் உள்ளத்தார் நிகழ்த்துவது வாதம். வெற்றியே பயனாகக் கொண்டு, தன் பக்கத்தை நிறுவியும் பிறன் பக்கத்தைக் குலைத்தும் நிகழ்த்துவது செற்பம். தனக்கென ஒரு பக்கமும் இன்றிப் பிறன் கூற்றை அழித்தலையே கருதி நிகழ்த்துவது விதண்டை. இம்மூன்றனுள் முதலாவதே ஆசிரியரும் மாணாக்கரும் நல்லறிவுடையோரும் தம்முள் நிகழ்த்தற்குரியது என்பது அந்நூலார் துணிபு.

இற்றைஞான்று சைவர்தம் அவைகளினும் ஏடுகளினும் நிகழும் கண்டனங்களை நோக்குமிடத்து, விதண்டையினும் கீழ்ப்பட்டதொரு நான்காம் வகையும் உண்டெனவே கூறல் வேண்டும். அஃதாவது, கொள்கையை ஒருபுறம் விடுத்து, அதனைக் கொண்டாரைப் பழித்தல். எதிர்வாதியின் குலம், குரு, மடம், கல்வி என்பன இழுத்துப் பேசப்பட்டவிடத்துக் கொள்கை மறுக்கப்பட்டிலது. அது முன் நின்றவாறே நிற்கின்றது. இது நல்லொழுக்கத்திற்கு மாறு என்பதனை யாவரும் அறிவர். சித்தாந்தத்திற்கே மாறு என்பதனை நோக்குவார் சிலர். அதனையே ஈண்டு ஆராய்வாம்.

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பதும், அவற்றுட் பசுவாகிய உயிர் அறிவுடைப் பொருளாயினும் ஆணவமலத்தால் அநாதியே மறைப்புண்டு கிடப்பது என்பதும் நம் சாத்திரம் வல்லார் யாவர்க்கும் உடன்பாடு. நெல்லிற்கு உமியும், செம்பிற்குக் களிம்பும் போல மலம் உயிரோடு உடனாய்க் கிடப்பினும், அஃது உயிரின் குணமன்று, வேறொரு பொருளாம். குணமெனக் கொள்ளின், மலம் நீங்குங்கால் குணியாகிய உயிரும் கெடுதல் வேண்டும் எனக் கடாவி, அதனைத் திரவியம் என்றே நிறுவினர் நம் ஆசிரியர். அறியாமை, ஐயம், திரிபு என்பன யாவும் அம்மல மறைப்பின் வழிப்பட்டன. ஆகவே, ஒருவன் முப்பொருளின் இயல்பைத் திரிபுற உணர்ந்தானாயின், அத்திரிபிற்குக் காரணம் பாசமேயன்றி அவனது உயிரியல்பன்று. இதனை உடன்பட்ட சித்தாந்தி, அத்திரிபு பற்றி அவனையே இகழ்வானாயின், பாசத்தின் இயல்பைப் பசுவின்மேல் ஏற்றியவன் ஆகின்றான். மலம் உயிர்க்குணமே என்பாரை வாயான் மறுத்துச் செயலான் உடன்பட்டவாறு இது. காவிரி பாயும் நம் நாட்டு நடவு வயல்களிற் களைபறிக்கும் மகளிர், ஒரே சேற்றில் ஒரே நீருண்டு நெற்பயிரோடு ஒட்டிநிற்கும் களையைத் தெரிந்து பறிப்பர், பயிரைப் பறியார். கண்டன நூல் எழுதப் புகுவார்க்கு வேண்டப்படுவது அம்மகளிரது கைப்பழக்கமே.

அற்றேல், உயிர் சடப்பொருள் அன்றே. தான் கொண்ட பொய்க்கொள்கைக்குத் தானே பொறுப்பாதல் இல்லையோ எனின், உண்டு. வினையின் பயனை உயிரே நுகரும். ஆயினும் அதனை அளந்தறிந்து ஊட்டுதல் இறைவன் தொழில், மறுப்புரைகாரன் தொழிலன்று. இறைவன் தொழிலைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுதலும் ஆணவத்தின் செயலேயாம்.

இன்னுமோர் ஆசங்கை. சகலாகம பண்டிதர் மெய்கண்ட தேவரை அணுகி, ஆணவமலத்தின் வடிவு யாதென வினாவ, அப்பெருமானார் வினாவி நின்ற பண்டிதரையே சுட்டிக் காட்டினார் என்பது நம் சந்தான வரலாறு. இஃது ஆளைச் சுட்டி மறுத்ததன்றோ எனின், அன்று. தேவர் பழிச்சொல் ஒன்றும் கூறிற்றிலர். பண்டிதரின் குலத்தையோ கல்வியையோ இகழ்ந்திலர். வினாவப்பட்ட பொருள் யாண்டுளது என்பதை மட்டும் காட்டினர். காட்டிய அளவில் மலம் வேறு தாம் வேறு எனப் பண்டிதர்க்குத் தெளிவு பிறந்தது. அகவையின் மூத்தவர் இளையவர்க்கு மாணாக்கராயினர். அருணந்தி சிவாசாரியர் என்னும் திருப்பெயர் பெற்றுச் சிவஞான சித்தியாரை அருளினர். பழிச்சொல் ஒன்று ஆண்டு இடைப்புகுந்திருப்பின் நமக்குச் சித்தியார் கிடைத்திராது என்க.

இனி, அவ்வருணந்தி சிவாசாரியர் தாம் பிறர்மதம் மறுக்குமிடத்து மேற்கொண்ட முறையினை நோக்குக. சித்தியாரின் முதற்பகுதியாகிய பரபக்கம் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் 14 மதங்களை எடுத்துக்கொள்கின்றது. ஒவ்வொன்றற்கும் முதற்கண் அவ்வவர் மதம் அவ்வவர் வாய்மொழியாகவே விரிக்கப்படும். அதன்பின்னரே மறுதலை தொடங்கும். மறுதலையில் இடையிடையே நகையும் கடுமையும் உளவேனும், எதிர்வாதி தன் பக்கத்தைச் சொல்லி முடித்தற்கு முன் அவை நுழைதல் இல்லை. இம்முறையின் பயன் பின்னாளில் ஒரு விந்தையான வகையால் வெளிப்பட்டது. ஆசீவக மதத்தார் அழிந்தொழிந்தனர். அவர்தம் சொந்த நூலும் நமக்குக் கிடைத்திலது. ஆங்கில நாட்டு அறிஞர் பாஷம் என்பார் அம்மதத்தின் வரலாறும் கொள்கையும் ஆராய்ந்து 1951-இல் நூல் வெளியிட்டபொழுது, அதன் கொள்கையை அறிதற்கு அவர் துணைக்கொண்டனவற்றுள் மணிமேகலை, நீலகேசி என்பவற்றோடு சித்தியார் பரபக்கமும் ஒன்று. மறுக்கப் புகுந்தவர் எழுதிவைத்த கூற்று, மறுக்கப்பட்டார்க்குச் சான்றாய் நிற்கின்றது. எதிர்வாதியின் கொள்கையைச் செம்மையாக எடுத்துரைத்தல் எத்துணைப் பெரிய அறம் என்பது இதனாற் பெற்றாம்.

கி.பி. 1313-க்கு நேரான சகம் 1235-இல் உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணம் இதனினும் நுண்ணிய முறையுடையது. சங்கற்பம் என்பது ஒருவர் துணிந்து கொண்ட கொள்கை. நிராகரணம் என்பது அதன் மறுப்பு. மாயாவாதம், ஐக்கியவாதம், பாடாணவாதம், பேதவாதம், சிவசமவாதம், சங்கிராந்தவாதம், ஈசுவர அவிகாரவாதம், நிமித்தகாரண பரிணாமவாதம், சைவவாதம் என்னும் 9 கொள்கைகள் ஆண்டு நிரல்பட வைக்கப்பட்டன. மாயாவாதியை மறுப்பவன் சித்தாந்தி அல்லன். அடுத்து நிற்கும் ஐக்கியவாதி. அவனை மறுப்பவன் பாடாணவாதி. இவ்வாறு ஒவ்வொருவனும் தனக்கு முன்னின்றவனுடைய குறையைக் காட்டித் தன் குறையைத் தான் அறியாது நிற்க, ஈற்றிலே சித்தாந்தம் தோன்றும். இவ்வமைப்பினால் விளங்குவது யாது? ஒவ்வொரு வாதியும் ஓர் உண்மையைக் கண்டுள்ளான். கண்டதனோடு நின்றுவிட்டான் என்பதே. அவன் பகைவன் அல்லன், படியில் நிற்பவன். ஒன்பதின்மரும் கொள்கையாற் பெயர் பெற்றனரன்றி, இன்ன ஊரார், இன்னார் மகனார் என ஒருவரும் சுட்டப்பட்டிலர். நம் சமயிகள் புறப்புறச் சமயம், புறச்சமயம், அகப்புறச் சமயம், அகச்சமயம் என வகுத்ததூஉம் சேய்மை அண்மைகளை அளந்ததன்றிப் பகைமையை அளந்ததன்று.

நூலளவில் நின்ற இம்முறை அவைக்களத்தும் இயன்றதற்குத் தஞ்சை மாநகரே சான்று. தஞ்சை நாயக்க மரபின் முதல்வராகிய சேவப்ப நாயக்கரைக் குறித்த 1580-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, அவர் அவையில் மூவர் வீற்றிருந்து தத்தம் மதத்தை நிறுவி வந்ததனைச் சொல்கின்றது. ஒருவர் மத்துவ மரபினராகிய விஜயீந்திர தீர்த்தர். ஒருவர் வைணவராகிய தாதாசாரியர். ஒருவர் சிவாத்துவிதம் நிறுவிய அப்பைய தீட்சிதர். அச்சாசனம் இம்மூவர்க்கும் கூறிய உவமை வேள்விச்சாலையின் முத்தீயாகும். முத்தீயும் வெவ்வேறு குண்டத்தில் எரிவன. ஒன்று மற்றொன்றை அவித்தல் இல்லை. மூன்றும் இன்றி வேள்வி நிரம்புதலும் இல்லை. ஒருவரோடொருவர் முற்றும் மாறுபட்டாரை உவமித்தற்கு இதனிற் சிறந்ததொன்று காண்டல் அரிது.

அவர்தம் மாறுபாடு மெல்லியது என்று கருதற்க. தீட்சிதர் மத்துவ தந்திர முகமர்த்தனம் என ஒரு நூல் செய்தனர். அந்தத் தந்திரத்தின் முகத்தை நசுக்குதல் என்பது அதன் பொருள். விஜயீந்திரர் அதற்கு விடையாகச் செய்தவற்றுள் ஒன்றன் பெயர் மத்துவ தந்திர முகபூஷணம். அம்முகத்திற்கு அணிகலன் பூட்டுதல் என்பது. பெயரளவிற் கடுமை உண்டேனும், நசுக்கப்பட்டது ஒரு சாத்திரத்தின் முகமேயன்றி ஒருவருடைய முகமன்று. விடையும் வசையாய் வாராது அணியாய் வந்தது. இனி, அத்தீட்சிதரே சதுர்மதசாரம் என நான்கு நூல்கள் இயற்றி, மத்துவர், இராமாநுசர், நீலகண்டர், சங்கரர் என்னும் நால்வர் பாடியத்தையும் அவரவர் நெறி நின்றே விளக்கினர். முகமர்த்தனம் எழுதிய கையே மத்துவரின் நெறியை மத்துவர் உவக்குமாறும் எழுதிற்று. இவ்விரண்டும் ஒருவர்பாற் கூடுமெனின் நமக்குக் கூடாமை என்னை?

இனி நம் மடங்களின் வரலாற்றை நோக்குவாம். சித்தியார் சுபக்கத்திற்கு மறைஞான தேசிகர், சிவாக்கிர யோகிகள், ஞானப்பிரகாசர், சிவஞான யோகிகள், நிரம்பவழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என அறுவர் உரைகள் உள. சிவாக்கிர யோகிகள் சூரியனார்கோயில் ஆதீனத்தார். சிவஞான யோகிகள் திருவாவடுதுறையார். ஞானப்பிரகாசர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து, வடநாடு சென்று வடநூல் கற்றுத் தில்லையில் உறைந்தவர். இவ்வறுவரும் பலவிடத்து மாறுபடுவர். சிலவிடத்து ஒருவர் கொண்ட பொருள் மற்றொருவர்க்குப் பூருவபக்கமாகவே அமையும். ஆயினும் நம் முன்னோர் அறுவர் உரையையும் ஒருங்கே அச்சிட்டு ஒரே நூலாகக் கற்பாரிடம் தந்தனர். மாறுபட்ட உரையைத் தீயிலிடாது தம் ஆசிரியர் உரைக்கு அருகிலேயே வைத்துப் போற்றிய இச்செயல் நம் மரபின் பெருமிதங்களுள் ஒன்று.

இவருள் ஞானப்பிரகாசர் கருத்தைச் சிவசமவாதம் எனக் கொண்டு, 1785-இல் சிவகதி எய்திய மாதவச் சிவஞான யோகிகள் சிவசமவாத உரைமறுப்பு என ஒரு நூல் இயற்றினர். நூற்பெயர் சுட்டுவது கொள்கையை. உரைகாரர் பெயரை அன்று. அவ்வாதத்தினை ஈண்டுச் சிறிது விரிப்பின், கொள்கையை அதன் வலிமை தோன்ற எடுத்துரைத்தலின் பயன் விளங்கும்.

சிவசமவாதி கூறுவான்: உயிர்க்கு அறிவும் செயலும் இயல்பாக உள. மலம் அவற்றை மறைத்தது. புதியதாக ஒன்றனைச் செய்ததன்று. மறைப்பு முற்றும் நீங்கியவழி அவை எல்லையின்றி விளங்குதல் வேண்டும். விளங்காவெனின், மறைப்பு இன்னும் எஞ்சிற்று எனவே படும். எஞ்சின் அது முத்தியன்று. எல்லையின்றி விளங்குமெனின் சிவத்தோடு ஒப்புமை எய்தியது என்றற்கு இழுக்கென்னை? வடமொழிச் சிவாகமங்களும் முத்தரைச் சிவசமானர் என்றே கூறும். 12-ஆம் நூற்றாண்டினராகிய அகோரசிவாசாரியர் முதலிய பத்ததி ஆசிரியரும் அவ்வாறே கொண்டனர் என.

இஃது எளிதில் தள்ளத்தக்க கூற்றன்று. மெய்கண்டார் நெறி நின்று இதற்கு விடை கூறுமாறு: கண்ணிற் படர்ந்த படலம் முற்றும் உரிந்ததாயினும், கதிரொளியின்றிக் கண் காணமாட்டாது. அது படலம் எஞ்சியதனாலன்று. காட்டக் காணுதலே கண்ணின் இயல்பாதலின். உயிரும் அறிவிக்க அறிவதாய், சார்ந்ததன் வண்ணமாவதாய் உள்ள பொருள். பெத்தத்திற் பாசத்தைச் சார்ந்து பாசத்தன்மையாய் நின்றது. முத்தியிற் சிவத்தைச் சார்ந்து சிவத்தன்மையாய் நிற்கும். அத்தன்மை சார்பினால் எய்தியதாகலின், தானே சிவமாய் நிற்றலும் அன்று, சிவத்திற்கு நிகராய் வேறு நிற்றலும் அன்று. ஐந்தொழில் இறைவற்கே உரியது. உயிர்க்கு உரியது அவன் இன்ப நுகர்ச்சி. ஆகமங்கள் கூறிய ஒப்புமை இச்சிவத்தன்மையை நோக்கியது என்று கொள்ளப்படும் என.

இவ்விருபக்கமும் எதிரெதிர் வைத்த அளவில் ஓர் உண்மை புலப்படும். எதிர்வாதி நிற்கும் நிலம் புறச்சமய நிலமன்று, நம் ஆகமமே. அவன் கேட்கும் வினா, ஆகம வாக்கியங்களை மெய்கண்ட நூலோடு இயைத்துப் பொருள்கொள்ளுமாறு எங்ஙனம் என்பது. சித்தாந்த மாணாக்கன் ஒவ்வொருவனும் தனக்குத்தானே எழுப்பி விடை காணவேண்டிய வினா அது. ஞானப்பிரகாசரை வசைமொழி கூறி ஒதுக்கியிருப்பின் அவ்வினாவும் ஒதுங்கியிருக்கும். முத்தியிற் சார்பு இன்னதென்னும் தெளிவும் நமக்கு வந்திராது. மேலும், யோகிகள் மறுப்பு எழுதுங்கால் ஞானப்பிரகாசர் உயிரோடிருந்து விடை கூறும் நிலையினர் அல்லர். அவர் முந்திய நூற்றாண்டினர். மறுமொழி கூறவியலாதார் கூற்றை மறுக்குங்கால் அவர்க்காகவும் நாமே நின்று பேசல் வேண்டும் என்னும் கடமை இரட்டிக்கின்றது.

சிவஞான யோகிகள் தாமே இலக்கண விளக்கச் சூறாவளி என்றாற்போலும் கடும்பெயர் நூல்களும் இயற்றினரன்றோ எனின், ஆம். அவர் கூர்மை யாவரும் அறிந்தது. அக்கூர்மையின் பயன் இலக்கண ஆராய்ச்சிக்கு உண்டு. ஆயினும் திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கம் அச்சூறாவளியால் வீழ்ந்திலது. குட்டித் தொல்காப்பியம் என்னும் பெயரோடு இன்றும் பயிலப்படுகின்றது. யோகிகளிடம் நாம் கற்கத்தக்கது அவர்தம் சொல்லின் வெம்மையன்று. எதிர்வாதியின் நூலைச் சொற்சொல்லாக ஓதியுணர்ந்த உழைப்பு. அவ்வுழைப்பின்றி வெம்மையை மாத்திரம் மேற்கொள்வார் அவர் வழியினர் ஆகார்.

மாறுபாடு ஆள்மேற் சென்றவழி விளையும் கேட்டிற்குச் சான்று வேண்டின், அருட்பா மருட்பாப் போர் உளது. இராமலிங்க அடிகள் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரொடும் திருமுறை என்னும் பகுப்பொடும் 1867-இல் அச்சேறின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதனை மறுத்தெழுந்தனர். ஆண்டு எழுந்த வினா மிகப் பெரியது. பன்னிரு திருமுறைக்குப் பின்னர்த் தோன்றிய பாடல்கட்கு அருட்பா, திருமுறை என்னும் பெயர்கள் சாலுமோ, திருமுறை என்பது முற்றுப்பெற்றதோ, முற்றுப்பெற்றதெனின் அதற்கு அளவை யாது என்பன அதனுள் அடங்கும். இருபெரும் அன்பர் குழாங்கள் அவ்வினாவைத் தருக்கமுறையின் ஆராய்ந்திருப்பின் சாத்திரத்திற்கு ஒரு நல்ல நூல் கிடைத்திருக்கும். நிகழ்ந்ததோ, வசைத்துண்டுகள் பல்கினமையும், வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறினமையுமாம். அடிகள் 1874-இலும், நாவலர் 1879-இலும் மறைந்தபின்னும் அப்போர் மீளமூண்டு அடுத்த நூற்றாண்டினும் நிகழ்ந்தது. இன்று நாவலர் பதிப்பித்த நூல்களைச் சைவர் ஓதுகின்றனர். அடிகள் பாடல்களையும் ஓதுகின்றனர். வசைகள் ஒருவரையும் வீழ்த்தில. திருமுறைக்கு அளவை யாது என்னும் வினா மட்டும் ஆராய்வாரின்றி நின்றது.

இதற்கு மாறாக, பிறர் கொள்கையை அவர் வாயினின்றே கேட்டுணர்ந்தார் ஒருவரையும் கூறுவாம். திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880 முதற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தனர். அதன்கண் வரும் சமணக் கொள்கைகள் விளங்காதவழி, தாமே பொருள் புனைந்துகொள்ளாது, அவ்வூர்ச் சமணர் இல்லம் சென்று வினாவி அறிந்தனர். 1887-இல் நூல் வெளிவந்தது. அதனால் அவர் சைவப்பற்றுக் குறைந்தது என்பார் யாவர்?

இனி, எதிர்நிற்கும் ஆசங்கைகள் இரண்டு. ஒன்று, தேவாரத்துள் புறச்சமயத்தாரைக் குறித்த கடுஞ்சொற்கள் உளவே என்பது. திருநெறி ஆசிரியர்கள் தம் காலத்துத் தம் முன் நிகழ்ந்தவற்றை நோக்கி அருளியவை அவை; தோத்திரத்துள் உள்ளவை. சமய வாதத்திற்கு இலக்கணமாக நம் ஆசிரியர் வகுத்துத் தந்தவை சாத்திரங்கள். பரபக்கமும் சங்கற்ப நிராகரணமும் கைக்கொண்ட முறை மேலே காட்டப்பட்டது. ஞானப்பாலுண்டார் சொல்லை மலநீங்காத நாம் நம் வெகுளிக்குக் கருவியாக எடுத்துக்கொள்ளுதல் அபசாரம் என்க.

மற்றொன்று, இங்ஙனம் இன்சொற் பேசின் எல்லாக் கொள்கையும் ஒன்றே என்னும் போலிச் சமரசத்தில் முடியும் என்பது. அற்றன்று. எல்லாம் ஒன்றே என்பான் எதிர்வாதியை மதித்தவன் அல்லன். அவன் சொல்லைச் செவியேலாதவன். ஒருவன் கொள்கையை முழுதும் கேட்டு, அதன் பிழையை எஞ்சாது எடுத்துக்காட்டுதலே அவனை அறிவுடைப் பொருளென மதித்தலாம். மறுப்பில் தளர்ச்சி வேண்டப்படுவதன்று. இலக்குத் தவறாமையே வேண்டப்படுவது.

இவ்வாராய்ச்சி பழங்கதை பற்றியதன்று. அமெரிக்க நாட்டிற் பிறந்து சைவம் தழுவிய சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் அவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1970-இல் மடம் நிறுவி, 2001-இல் சிவகதி எய்துங்காறும், திருமந்திரத்தின் முடிபு ஒருபொருள் உண்மையே என்று கற்பித்தனர். முப்பொருள் அநாதி என்னும் மெய்கண்ட மரபினையுடைய நம் காவிரி நாட்டு ஆதீனங்கட்கு இஃது உடன்பாடன்று. இதனை நாம் மறுத்தல் கடன். ஆயின், பிறநாட்டார்க்குச் சித்தாந்தம் யாங்ஙனம் விளங்கும் என்று கூறி முடித்துவிடுவோமாயின், அது மறுப்பன்று. சோம்பலுக்கு இட்ட வேறு பெயர். திருமந்திரத்துள் அவர் தம் பக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளும் இடங்கள் யாவை, முப்பொருளையும் பிரித்தோதும் இடங்கள் யாவை, இருவகையும் ஒருங்கே இயையுமாறு யாது எனத் தெளிவித்தலே மறுப்பு. அதனை ஆற்றுவார் தம் நூலையும் முன்னையினும் ஆழ்ந்துணர்வர்.

ஆகலின், மடங்களிற் பாடஞ்சொல்லும் பெரியோர்பால் யாம் வேண்டிக்கொள்வது ஒன்று. சித்தியார் பாடங் கேட்கும் தம்பிரான்மாரும் பிற மாணாக்கரும் சுபக்கத்தோடு அமையாது, பரபக்கத்தையும் சங்கற்ப நிராகரணத்தையும் முறைப்படக் கேட்டல் வேண்டும். ஒரு நாள் ஒரு மாணாக்கனைச் சிவசமவாதியாக நிறுத்தி, அவ்வாதத்தை அவன் தன்னால் இயன்ற வலிமை முழுதும் தோன்ற உரைக்கச் செய்க. அவன் உரைத்ததனைச் சிவசமவாதியே கேட்பினும், ஆம், யான் கருதியது இதுவே எனத் தலையசைத்தல் வேண்டும். அத்தலையசைப்பைப் பெற்ற பின்னரே மற்றொரு மாணாக்கன் மறுக்கத் தொடங்குக. எழுதுவாரும் இவ்வளவையையே தமக்குக் கொள்க. மறுப்புரை முடிந்தபின் எதிர்வாதியின் பெயர், ஊர், மடம் முதலியவற்றை அதனினின்று நீக்கிப் படித்துப் பார்க்க. அவை நீங்கியவழியும் மறுப்பு நிற்குமாயின் அது வாதம். அவற்றோடு மறுப்பும் நீங்கிவிடுமாயின் அஃது ஏட்டில் ஏறத்தக்கதன்று.

எதிர்நின்று வாதிப்பவனது உயிரும் இறைவனுக்கு உடைமை. நம் உயிரும் அவனுக்கு உடைமை. ஒரே தலைவனுடைய உடைமைகளுள் ஒன்று மற்றொன்றைப் பழித்தல் தலைவனையே பழித்தலாய் முடியும். பாசம் அறுக்கப் புகுந்த நூலாற் பாசத்தை வளர்த்துக்கொள்ளாது, பொய்யை ஒறுத்து உயிரை ஓம்பும் திறத்தைச் சந்தான குரவர் திருவருள் நமக்கு அளிப்பதாக.

மெய்கண்டார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்